தொலைவின் மறுமுனை: மைசூரின் தொலைநிலைக் கல்வி வரலாறும் பல் மருத்துவ மாணவரின் கையும்

2020 செப்டம்பர் 4 அன்று பல்கலைக்கழக மானியக் குழு, திறந்தநிலை, தொலைநிலை, இணையவழிப் படிப்புகளுக்கான புதிய நெறிமுறைகளை அரசிதழில் வெளியிட்டது. தொலைநிலையில் நடத்தக் கூடாத படிப்புகளின் பட்டியல் ஒன்றும் அதில் இருந்தது. மருத்துவம், செவிலியம், பொறியியல், கட்டடக்கலை, சட்டம் ஆகியவற்றோடு பல் மருத்துவமும் அப்பட்டியலில் இடம்பெற்றது. அதே செப்டம்பரில் நாடெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் தத்தம் வீடுகளில் கைப்பேசிக்கு முன் அமர்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டம் கூடாது என்று சொன்ன ஒன்றை, சூழல் ஒரே வழியாக ஆக்கியிருந்தது.

இதனை முரண் என்று சுட்டிவிட்டு நகர்வது எளிது. பட்டம் முழுவதையும் தொலைநிலையில் வழங்குவது வேறு. பெருந்தொற்றில் சில மாதங்கள் பாடத்தை இணையத்துக்கு மாற்றுவது வேறு. சட்டம் தடுத்தது முன்னதை மட்டுமே. ஆனால் வரலாற்று மாணவர் கேட்கவேண்டிய கேள்வி இதற்கு அப்பால் இருக்கிறது. ஒரு துறையைத் தொலைநிலைக் கல்வியிலிருந்து பல பதிற்றாண்டுகள் திட்டமிட்டு விலக்கி வைத்திருந்து, ஒரே வாரத்தில் அதற்குள் தள்ளும்போது, அந்தத் தாவலின் செலவை யார் ஏற்கிறார்கள்?

இக்கேள்வியைக் கேட்பதற்கு மைசூரைவிடப் பொருத்தமான ஊர் தென்னிந்தியாவில் அரிது. கர்நாடகத்தின் தொலைநிலைக் கல்வி பிறந்தது இங்கே. பல் மருத்துவக் கல்லூரிகளும் இங்கே உண்டு. இவ்விரு மரபுகளும் ஒரே நகரில் சில கிலோமீட்டர் இடைவெளியில் வளர்ந்தும் ஒன்றையொன்று அறியாமலேயே இருந்தன. 2020இல் அந்த அறியாமைக்கு விலை கொடுத்தவர்கள் மாணவர்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அஞ்செ, தெரபு, முக்தம்

சொற்களிலிருந்து தொடங்குகிறேன், மொழியியல் படித்தவருக்கு அதுவே பழகிய வாசல். மைசூர்ப் பல்கலைக்கழகம் 1969இல் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கியபோது அதற்குக் கன்னடத்தில் வழங்கிய பெயர் ‘அஞ்செ தெரபின சிக்ஷண’. ‘அஞ்செ’ நமக்கு அயற்சொல் அன்று. நம் ‘அஞ்ச’லின் உறவுச்சொல். மைசூர் அரசு தனக்கெனத் தனியே ஓர் அஞ்செ அமைப்பை நடத்திவந்தது. அதன் தொடக்கத்தைப் பதினேழாம் நூற்றாண்டின் சிக்கதேவராஜ உடையார் காலத்தோடு இணைத்துச் சொல்வது வழக்கம். பிரித்தானிய இந்திய அஞ்சல் துறையோடு அது இணைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான்.

‘தெரபு’ என்னும் சொல் இன்னும் சுவையானது. இடைவெளி, காலியிடம், ஓய்வுப்பொழுது என்னும் பொருள்கள் அதற்கு உண்டு. அதன் வேர் கன்னடத்தின் ‘தெரெ’. தமிழின் ‘திற’ என்பதன் இனச்சொல். ஆக, இடைவெளியைக் குறிக்கும் சொல்லும் திறப்பைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. 1996இல் அந்நிறுவனம் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தபோது, கன்னடப் பெயரில் ‘தெரபு’ நீங்கி வடமொழி ‘முக்த’ வந்து அமர்ந்தது. பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் மானசகங்கோத்ரி. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வளாகம் முக்தகங்கோத்ரி. ‘உயர்கல்வி அனைவருக்கும், எங்கெங்கும்’ என்பது அதன் முழக்கம்.

தமிழிலும் இதே நகர்வு நிகழ்ந்தது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் தொடங்கியது அஞ்சல்வழிக் கல்வி. 2002இல் அமைந்தது தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இடையில் ‘தொலைதூர’, ‘தொலைநிலை’ என்பன வந்தன, பிறகு ‘இணையவழி’. ‘அஞ்சல்வழி’ என்னும் பெயர் ஊடகத்தைச் சொன்னது. ‘தொலைநிலை’ மாணவர் இருக்கும் இடத்தைச் சொன்னது. ‘திறந்தநிலை’ நிறுவனத்தின் கொள்கையைச் சொன்னது. ‘இணையவழி’ மீண்டும் ஊடகத்துக்கே திரும்பிவிட்டது. மாணவரின் கைக்கு என்ன சென்று சேர்கிறது என்பதைச் சொல்லும் பெயர் இவற்றுள் ஒன்றும் இல்லை. அதைத்தான் இங்கே ‘மறுமுனை’ என்கிறேன்.

மறுமுனையை மறவாத காலம்

தொலைவைக் கடக்க மைசூர் செய்த முயற்சிகள் 1969க்கு முன்பே தொடங்கியவை. 1916இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், விசுவேசுவரய்யா திவானாக இருந்தபோது, பிரித்தானிய இந்திய எல்லைக்கு வெளியே அமைந்த முதல் பல்கலைக்கழகமாக மைசூர்ப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. 1930களில் அதன் பேராசிரியர்கள் சிற்றூர்களுக்குச் சென்று கன்னடத்தில் உரையாற்றினார்கள். அவ்வுரைகள் பிரசாரப் புத்தகமாலை என்னும் வரிசையில் மலிவு விலைச் சிறுநூல்களாக வந்தன. கேட்டவர் கையில் ஒரு நூல் மிஞ்சவேண்டும் என்பதே அத்திட்டத்தின் உள்ளீடு.

1935இல் மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி தம் வீட்டிலிருந்தே ஒரு வானொலி நிலையத்தை இயக்கத் தொடங்கினார். முப்பது வாட் ஆற்றல் கொண்ட சிறு ஒலிபரப்பி, பெயர் ஆகாசவாணி. பின்னாளில் நாட்டின் வானொலிக்கே அப்பெயர் வாய்த்தது. தொழில்நுட்பத்தின் ஏற்றத்தாழ்வு என்பது இணையத்தோடு பிறந்ததன்று. குரல் வானில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கலாம்; வானொலிப் பெட்டி வீட்டுக்கு வீடு இல்லை. ஒலிபரப்புவது ஒருவர் முயற்சியில் கைகூடும். கேட்கச் செய்வதற்கோ அரசும் நகராட்சியும் வேண்டும். இப்பாடத்தை இந்தியா ஓரளவு கற்றுக்கொண்டது என்பதற்குச் சான்று நாற்பதாண்டுகள் கழித்துக் கிடைக்கிறது.

1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நடந்த செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையைக் கல்வியியல் மாணவர் ‘சைட்’ என்ற பெயரில் அறிவர். அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்குக் கடனாகப் பெற்று, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 ஊர்களுக்கு நிகழ்ச்சிகள் சென்றன. கர்நாடகத்தில் பீஜப்பூர், குல்பர்கா, ராய்ச்சூர் மாவட்டங்கள் அதில் இருந்தன. ஏவுகணை, அலைவரிசை முதலிய பெருமைகளை எல்லா நூல்களும் சொல்லும். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. தொலைக்காட்சிப் பெட்டி ஊர்ப் பள்ளியிலோ பொதுவிடத்திலோ அரசுச் செலவில் வைக்கப்பட்டது. பழுது பார்க்க ஆள் ஏற்பாடு இருந்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் முறையில் பயிற்சி அளித்தபோது, தொலைக்காட்சியோடு வானொலியும் அச்சுப் பாடமும் செய்முறைப் பொருள்களும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரும் சேர்ந்தே சென்றனர். திரையில் பார்த்ததை அங்கேயே கையால் செய்து பார்க்க இடம் இருந்தது.

2004இல் எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டபோது, மைசூரின் அண்டை மாவட்டமான சாமராஜநகரத்தின் தொடக்கப்பள்ளிகள் அதன் முதற்கட்டப் பயனாளர்களுள் சேர்ந்தன. அங்கும் பள்ளிதோறும் பெறுகருவி நிறுவுவதே திட்டத்தின் பெரும்பகுதி.

அஞ்சல்வழிக் கல்வியும் இவ்விதிக்கு விலக்கன்று. பாடநூல் வீட்டுக்கு வந்தது. தொடர்பு வகுப்பு ஊருக்கு அருகே நடந்தது. கற்கை மையம் என ஒன்று இருந்தது. அத்தொடர்பு வகுப்புகளின் தரத்தைப் பற்றி எவ்வளவோ குறை சொல்லலாம். ஆனால் மறுமுனை ஒன்று தேவை என்பதை எவரும் மறுக்கவில்லை.

உலக அளவில் இதற்குச் சிறந்த சான்று, மைசூர் நிறுவனம் தோன்றிய அதே 1969இல் சாசனம் பெற்ற பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அறிவியல் பாடத்தைத் தொலைவிலிருந்து கற்பிக்க முடியுமா என்ற ஐயத்துக்கு அது அளித்த விடை ஒரு பெட்டி. வீட்டுச் சோதனைப் பெட்டி என்று பெயர். வேதிப்பொருள்கள், கருவிகள், மெக்ஆர்தர் வடிவமைத்த கையடக்க நுண்ணோக்கி ஆகியன அடங்கிய பெட்டி மாணவர் வீட்டுக்கு அஞ்சலில் சென்றது. படிப்பு முடிந்ததும் திரும்பி வந்தது. ஆய்வகத்துக்கு வரமுடியாதவரிடம் ஆய்வகமே சென்றது என்பதே அதன் பொருள்.

பட்டறையிலிருந்து பட்டத்துக்கு

இனிப் பல் மருத்துவத்தின் பக்கம். இந்தியாவில் இத்துறை நெடுங்காலம் பட்டறைத் தொழில். தந்தையிடம் மகன், ஆசானிடம் சீடன் கற்றது. சென்னை, கொல்கத்தா நகரங்களில் சீனக் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பல் கட்டிவந்தமை பலரும் அறிந்தது. கொல்கத்தாவில் மருத்துவர் ரஃபியுத்தீன் அகமது 1920இல் நிறுவிய கல்லூரியே நவீனப் பல் மருத்துவக் கல்வியின் தொடக்கம். சுகாதார ஆய்வுக்கான போர் குழு 1946இல் அறிக்கை அளித்தபோது, தகுதிபெற்ற பல் மருத்துவர் ஏறத்தாழ மூன்று லட்சம் பேருக்கு ஒருவர் என்னும் நிலை. 1948இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு இந்தியப் பல் மருத்துவக் குழு அமைந்தது.

அச்சட்டம் பதிவேட்டை இரண்டாகப் பிரித்தது. பட்டம் பெற்றோர் ‘அ’ பிரிவு. பட்டம் இன்றிக் குறைந்தது ஐந்தாண்டுகள் இத்தொழிலையே வாழ்வாதாரமாகக் கொண்டிருந்தோர் ‘ஆ’ பிரிவு. கையறிவுக்கு இவ்வாறு ஒருமுறை மட்டும் வாசல் திறந்து, பின் மூடப்பட்டது. அதன்பின் கல்லூரி ஒன்றே வழி. சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவு 1953இலும், பெங்களூர் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி 1958இலும் தொடங்கின. 1980களுக்குப் பிறகு தனியார் அறக்கட்டளைகள் இத்துறையில் பெருமளவில் நுழைந்தன. மைசூரில் ஜெ.எஸ்.எஸ். பல் மருத்துவக் கல்லூரி 1986இல் தோன்றியது. ஃபரூக்கியா கல்லூரி பின்னர் வந்தது. இன்று கர்நாடகத்தில் மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள்; நாட்டில் முந்நூறுக்கு மேல்.

தொலைநிலைக் கல்வியைத் தொழிற்குழு ஐயத்தோடு பார்த்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் மருத்துவப் பட்டங்களையும் பல் மருத்துவப் பட்டங்களையும் விலைக்கு விற்ற போலிக் கல்லூரிகள் பல இருந்தன. இந்தியாவிலும் அத்தகைய பட்டங்களைத் தடுக்கவே 1916இல் இந்திய மருத்துவப் பட்டங்கள் சட்டம் வந்தது. அஞ்சலில் வரும் பட்டம் என்றாலே போலி என்னும் மனப்பதிவு இவ்வாறு ஆழ வேரூன்றியது. அண்மைக் காலத்திலும் அதற்கு உரம் கிடைத்தது. மாநில எல்லைக்கு வெளியே கிளை மையங்கள் நடத்தியமை, அனுமதியின்றித் தொழில்நுட்பப் படிப்புகள் வழங்கியமை ஆகிய காரணங்களைக் காட்டி, 2012-13க்குப் பிந்தைய ஆண்டுகளுக்குக் கர்நாடகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் படிப்புகளுக்கு ஏற்பு இல்லை என்று மானியக் குழு 2015இல் அறிவித்தது. ஏற்பு மீண்டது 2018இல். இடைப்பட்ட ஆண்டுகளில் பட்டம் வைத்திருந்தோர் பட்ட அலைச்சல் மைசூரில் பலரும் அறிந்தது.

ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல் தொலைவையும் கையையும் இணைத்த முயற்சியும் ஒன்று உண்டு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இந்தியப் பல் மருத்துவக் குழுவோடு சேர்ந்து, ஏற்கெனவே பட்டம் பெற்ற பல் மருத்துவர்களுக்காக வேர்க்குழாய்ச் சிகிச்சையிலும் பல் பதியத்திலும் சான்றிதழ்ப் படிப்புகளை உருவாக்கியது. கோட்பாடு அச்சுப் பாடமாக வந்தது. செய்முறை பல் மருத்துவக் கல்லூரிகளாக இருந்த கற்கை மையங்களில் நடந்தது. மறுமுனை ஒரு கல்லூரியாகவே இருந்ததால் அது இயன்றது.

கைக்கு மட்டுமே புரியும் சொற்கள்

பிற படிப்புகளுக்கு இல்லாத எந்தத் தடை இங்கே இருக்கிறது? இளநிலைப் பல் மருத்துவப் படிப்பின் அமைப்பைப் பார்த்தால் விளங்கும். நான்காண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் கொண்டது அது. முதலாண்டில் மாணவர் மெழுகுக் கட்டியில் ஒவ்வொரு பல்லையும் செதுக்கிப் பழகுகிறார். இரண்டாமாண்டில் செயற்கைப் பல்தொகுதி அமைக்கவும், போலித் தலையில் பொருத்திய பற்களில் குழி வெட்டவும் கற்கிறார். ‘ஃபேண்டம் ஹெட்’ என்று மாணவர் அழைக்கும் இப்போலித் தலையை 1894இல் அறிமுகம் செய்தவர் ஆஸ்வால்ட் ஃபெர்கஸ். மூன்றாமாண்டு முதல் நோயாளியின் வாய். இந்த வரிசையில் ஒரு படி விடுபட்டால், அடுத்த படியில் பிழையைத் தாங்குபவர் ஓர் உயிருள்ள மனிதர்.

கையால் மட்டுமே பொருள் விளங்கும் சொற்கள் இத்துறையில் நிறைய உண்டு. வேர்க்குழாயில் நுழைத்த கட்டாபெர்ச்சா குச்சியை மெல்ல வெளியே இழுக்கும்போது விரலுக்குத் தெரியும் சிறு பிடிப்பை ‘டக்-பேக்’ என்பார்கள். சொத்தையை அகற்றும்போது, எங்கே நிறுத்துவது என்பதைப் பல்திசு ‘தோல்போல’ இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்னும் உணர்வு சொல்கிறது. சுட்டிக்காட்டிப் பொருள் விளக்கும் சொற்கள் என்று மொழியியலில் ஒரு வகையைப் பேசுவோம். ‘சிவப்பு’ என்பதைச் சிவந்த பொருளைக் காட்டியே கற்பிக்க இயலும். இவையோ சுட்டிக்காட்டவும் இயலாதவை. தொட்டால் ஒழியப் பொருள் இல்லை. காணொளி எத்தனை தெளிவாக இருப்பினும் கண்ணுக்கு டக்-பேக் தெரியாது.

தொடு உணர்வைப் பொய்யாக உண்டாக்கும் கணினிக் கருவிகள் இன்று உண்டு. ஆம்ஸ்டர்டாம் பல் மருத்துவப் பள்ளியோடு இணைந்து உருவான சிமோடான்ட் அவற்றுள் ஒன்று. கையில் பிடித்த கருவியின் வழியே பல்லின் கடினத்தை அது உணர்த்தும். ஆனால் அதுவும் ஒரு கல்லூரியில் நிறுவப்படும் இயந்திரம், வீட்டுக்கு வருவதன்று. தொழில்நுட்பம் முன்னேறியபோதும் மறுமுனை கல்லூரியிலேயே நின்றது.

2020: மறுமுனை வீடானபோது

மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. பல் மருத்துவத்துக்கு இத்தொற்று தனித்த இடரும் கூட. சுழலும் கருவி தண்ணீரோடு எச்சிலையும் நுண்துளிப் புகையாகக் கிளப்பும். காற்றில் பரவும் நோய்க்கு அதைவிட வசதி வேறில்லை. அவசரச் சிகிச்சை தவிர ஏனையவை நின்றன. விடுதிகள் காலியாயின. மைசூரில் பயின்றவர்கள் குடகுக்கும் சாமராஜநகரத்துக்கும் சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் கேரளத்துக்கும் வடகிழக்குக்கும் திரும்பினார்கள். வகுப்பு இணையத்தில் தொடர்ந்தது.

அப்போது வீடுகளின் நிலை என்ன? தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று, 2017-18 நிலவரத்தைத் தருகிறது. கணினி வைத்திருந்தவை நகர்ப்புறக் குடும்பங்களில் 23.4 விழுக்காடு, கிராமப்புறத்தில் 4.4. இணைய வசதி நகரில் 42 விழுக்காடு, கிராமத்தில் 14.9. பல் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தோர் இச்சராசரிக்கு மேற்பட்டவர்கள் என்று சொல்லலாம். பலருக்குக் கைப்பேசி இருந்தது என்பதும் உண்மை. ஆனால் ஏற்றத்தாழ்வு கருவி உண்டா இல்லையா என்பதோடு முடிவதில்லை. திசுவியல் வகுப்பில் இளஞ்சிவப்புக்கும் ஊதாவுக்கும் உள்ள வேறுபாட்டால் பல்லின் படலங்களைப் பிரித்தறிய வேண்டும். ஆறு அங்குலத் திரையில் அலைவரிசை குறையும்போது அவ்விரு நிறமும் ஒன்றாகக் குழம்பும். ஒரே கைப்பேசியை உடன்பிறந்தோர் மூவர் பகிரும் வீட்டில் நேரலை வகுப்பு என்பது முறைவைத்துக் கிடைப்பது. வீட்டிலிருக்கும் பெண் ‘சும்மா’ இருக்கிறாள் என்று கருதும் குடும்பத்தில் காலை ஒன்பது மணி வகுப்பின் நிலையை விளக்கத் தேவையில்லை.

தமிழ்நாட்டு அரசு இதன் ஒரு பகுதியை உணர்ந்தது. 2011இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டம் மறுமுனையை அரசே ஏற்பதற்கு நல்ல முன்மாதிரி. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு ஜிபி இணையத் தரவு அட்டை வழங்க ஏற்பாடாயிற்று. ஆயினும் இவை கண்ணுக்கும் காதுக்குமான மறுமுனைகள். கைக்கான மறுமுனையை யார் அனுப்பினார்கள்?

அதற்கான பட்டியல் நீண்டதன்று. மெழுகுக் கட்டி, செதுக்கும் கத்தி, பிளாஸ்டர், ஒரு டைபோடான்ட் என்னும் போலிப் பல்வரிசை, இயன்றால் சிறு சுழல்கருவி. மெழுகுப் பயிற்சியை வீட்டு மேசையில் செய்ய இயலும். செதுக்கிய பல்லை ஐந்து கோணங்களில் படம் எடுத்து ஆசிரியருக்கு அனுப்பவும் இயலும். கையில் காசிருந்தவர் இவற்றை வாங்கினார். பல் மருத்துவரின் பிள்ளைக்குத் தந்தையின் மருத்துவமனையே ஆய்வகமாயிற்று. பட்டறைக் காலத்துக் குடும்பவழிக் கல்வி, பட்டக் கல்விக்குள் பின்வாசல் வழியே திரும்பி வந்தது. தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்டவருக்குக் காணொளி மட்டுமே மிஞ்சியது. இருவர் மதிப்பெண் பட்டியலும் ஒன்றுபோலவே இருக்கும். விரல்கள் ஒன்றுபோல இரா.

இதைத்தான் வரலாற்றின் பின்னணியில் காணவேண்டும். 1975இல் ஓர் ஊர்ப் பள்ளிக்குத் தொலைக்காட்சிப் பெட்டியும் செய்முறைப் பொருளும் பொதுச்செலவில் சென்றன. 2020இல் ஒளிக்கற்றையின் வேகம் எத்தனையோ மடங்கு கூடியிருந்தது. மறுமுனையோ வீட்டின் பொறுப்பாகிவிட்டது. தொழில்நுட்பம் வளர்ந்த அதே காலத்தில் பொதுப்பொறுப்பு சுருங்கியது. கல்லூரி ஆசிரியர்களைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே இரவில் ஒலிவாங்கி முன் அமர்த்தப்பட்ட அவர்களுக்கும் எவரும் பயிற்சி தரவில்லை. தொலைவிலிருந்து கற்பிப்பதில் ஐம்பதாண்டு அனுபவம் கொண்ட நிறுவனம் அதே நகரில் இருந்தது. பாடத்தை எப்படிச் சிறு அலகுகளாகப் பிரிப்பது, எதை அச்சில் தருவது, தொடர்பு வகுப்புக்கு எதை ஒதுக்குவது என்பதை அது அறிந்திருந்தது. தடைப்பட்டியல் பிரித்து வைத்த இரு துறைகளுக்கு இடையே பேச்சுவழி இருந்ததில்லை.

இழந்த முணுமுணுப்பு

இன்னொரு மறுமுனை மொழி. பாடம் ஆங்கிலத்தில், நோயாளி கன்னடத்தில், தமிழில், உருதுவில். இவ்விரண்டையும் இணைப்பது கல்லூரியின் எழுதப்படாத பாடத்திட்டம். செய்முறைக் கூடத்தில் ஆசிரியர் ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும், பக்கத்து இருக்கையில் இருப்பவரோ மூத்த மாணவரோ தாய்மொழியில் அதை இரண்டு வரியில் முணுமுணுப்பார். தாய்மொழி வழியில் பள்ளி முடித்து வந்தவருக்கு அந்த முணுமுணுப்பே உண்மையான வகுப்பு. ஒலிவாங்கிகளை அணைத்து வைக்கச் சொல்லும் இணைய வகுப்பில் முதலில் மறைந்தது அதுதான்.

நோயாளியின் மொழியும் இவ்வாறே. ‘பல் கூசுது’ என்று தமிழர் சொல்வதும், ‘ஹல்லு ஜும் அன்னுத்தெ’ என்று கன்னடர் சொல்வதும், குளிர்நீர் பட்டுத் தோன்றி மறையும் கூர்மையான உணர்வு. ‘விண் விண்ணென்று தெறிக்குது’ என்றால் பற்கூழ் வரை அழற்சி சென்றிருக்கலாம் என்று பழகிய மருத்துவர் ஐயுறுவார். இரட்டைக்கிளவியிலிருந்தே நோயறிதல் தொடங்குகிறது. ஆங்கிலப் பாடநூலில் இச்சொற்கள் இல்லை; புறநோயாளர் பிரிவின் நெரிசலில்தான் உண்டு. மாணவர் அங்கே நிற்காத ஒவ்வொரு மாதமும் இவ்வகராதியின் சில பக்கங்கள் கிழிந்தன. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் 1969இலேயே தோன்றி இதே மைசூரில் இருக்கிறது. நோயாளி பேசும் வலிச்சொற்களைக் கன்னடம், தமிழ், உருது ஒலிக்கோவையாகத் தொகுத்து மாணவர் கைப்பேசிக்கு அனுப்புவது இந்நகரால் செய்ய முடியாத வேலையன்று.

இனி

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023இல் வந்துள்ளது. பாடத்திட்டமும் நெறிமுறைகளும் புதிதாக எழுதப்படும் காலம் இது. பட்டத்தைத் தொலைநிலையில் வழங்கலாமா என்னும் பழைய கேள்விக்கு ‘கூடாது’ என்பதே என் விடையும். ஆனால் அந்த ‘கூடாது’ என்பதன் நிழலில் வேறொரு கேள்வி மறைந்துவிடக் கூடாது. மாணவர் கல்லூரிக்கு வர இயலாத காலம் மீண்டும் வந்தால், அவர் கைக்கு எதை, யார் செலவில் அனுப்புவது? மெழுகும் கத்தியும் போலிப் பல்வரிசையும் அடங்கிய பெட்டி ஒன்றைக் கல்லூரி தன் கையிருப்பில் வைத்திருப்பது, மாவட்ட மருத்துவமனையின் பல் பிரிவையோ அருகிலுள்ள வேறு கல்லூரியையோ தற்காலிகக் கற்கை மையமாக ஏற்பது, விடுபட்ட செய்முறை நாள்களைக் கணக்கிட்டு ஈடுசெய்யாமல் அடுத்த படிக்கு அனுப்பாமை ஆகிய மூன்றும் புதுமையானவை அல்ல. அஞ்சல் பெட்டியும் கற்கை மையமும் தொடர்பு வகுப்பும் பிற துறைகளில் ஏற்கெனவே செய்து பார்த்தவை.

அந்த ஆண்டுகளில் பயின்றோர் இன்று நம் வாய்க்குள் கருவியோடு குனிகிறார்கள். பெரும்பாலோர் பின்னர் கூடுதல் மணிநேரம் உழைத்து இழந்ததை ஈடுகட்டியிருப்பார்கள். அந்த உழைப்பும் அவர்கள் சொந்தச் செலவே. சுற்றறிக்கைகளும் அரசாணைகளும் ஆவணக் காப்பகத்துக்குச் செல்லும். மெழுகுக் கட்டி எங்கிருந்து வந்தது, வராதபோது எதைச் செதுக்கினார்கள், முதல் நோயாளியின் பல்லைத் தொட்ட நாளில் கை எப்படி இருந்தது என்பவை செல்லா. 2019, 2020ஆம் ஆண்டுகளில் சேர்ந்து பல் மருத்துவம் பயின்ற நண்பர்கள் அவற்றைத் தத்தம் மொழியில் எழுதி வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘உயர்கல்வி எங்கெங்கும்’ என்னும் முழக்கம் உண்மையில் எங்கே போய்ச் சேர்ந்தது, எங்கே நின்றுவிட்டது என்பதை வருங்கால வரலாற்றாசிரியர் அக்குறிப்புகளிலிருந்துதான் அறிய முடியும்.